இணைப்பு மறுக்கப்பட்டது

நாலாவது முறையும் திரையில் அதே வரிதான். "இணைப்பு மறுக்கப்பட்டது."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பத்து பத்து. பதினோரு மணிக்கு ஸ்கேன் சென்டரின் முதலாளி டாக்டரம்மா வந்து பார்ப்பார். அதற்குள் பின்னறையிலுள்ள பழைய கம்ப்யூட்டரிலிருந்து ஸ்கேன் படங்கள் அவள் மேஜையிலுள்ள புதுக் கம்ப்யூட்டருக்கு வந்துகொண்டிருக்க வேண்டும். வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் ஆறு மாதத் தற்காலிக வேலை இன்றோடு சரி. அப்பா வீட்டோடு முடங்கிய பிறகு, குடும்பமே அவளை நம்பித்தான் இருக்கிறது.

இரண்டும் லினக்ஸ் கம்ப்யூட்டர்கள். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை புதுசு தானாகவே பழசுக்குள் நுழைந்து, ஒவ்வொரு வருஷத்துப் படங்களாகக் காப்பி செய்யும்படி நேற்றே கட்டளை எழுதி வைத்திருந்தாள். இன்று காலை ஒன்பது இருபதுக்கு முதல்முறை ஓடவிட்டாள்; நுழைந்தது. ஒன்பதரைக்கும் நுழைந்தது. ஒன்பது நாற்பதுக்கு மறுத்துவிட்டது.

கேபிளை அழுத்திப் பார்த்தாள். முகவரி சரி. பிங் பண்ணி 'இருக்கிறாயா' என்று கேட்டால் பழசு டாணென்று பதில் சொன்னது. ஆக, வழியில் கோளாறில்லை. மெஷினும் ஓடுகிறது. உள்ளே விடுகிற சர்வீஸ்தான் நின்றிருக்கிறது.

பின்னறைக் கதவைத் தட்டினாள். உள்ளே இருந்தவர் அவளுடைய மேலதிகாரி. முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் சிடுமூஞ்சி.

"சார், பழைய மெஷினுக்குள்ள போக முடியலை. ஒரு நிமிஷம் பாக்கட்டுமா?"

"வேண்டாம்." கதவு ஒரு சாண்தான் திறந்தது.

"பதினோரு மணிக்கு டாக்டரம்மா வராங்க சார்..."

"தெரியும். எதையும் தொடாம சீட்டுல போய் உக்காரு."

கதவு முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது.

பத்தே முக்காலுக்கு யாரோ கூப்பிட, சிடுமூஞ்சி வரவேற்பறைப் பக்கம் ஓடினார். அவள் பூனை மாதிரி பின்னறைக்குள் நுழைந்தாள். யார் எப்போது என்ன செய்தார்கள் என்று மெஷின் குறித்து வைக்கும் பதிவுகள் திரையில் திறந்தே இருந்தன. ஒரு வரி போதுமாயிருந்தது.

'9:38. ரிமோட் லாகின் சர்வீஸ் நிறுத்தப்பட்டது.' நிறுத்தியது, சிடுமூஞ்சியின் லாகின் கணக்கு.

அவளுக்கு ரத்தம் கொதித்தது. ஆறு மாதத்தில் ஒரு நல்ல வார்த்தை சொல்லாத மனுஷன், இன்றைக்குப் பார்த்துக் காலை வாரிவிடுகிறாரே! அந்த வரியை மட்டும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு நேரே டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள்.

டாக்டரம்மா சிடுமூஞ்சியை வரவழைத்துப் போனை நீட்டினார்.

"இது நீங்க செஞ்சதா?"

"ஆமா டாக்டர்."

"எதுக்கு?"

சிடுமூஞ்சி அவளை ஒருதரம் பார்த்தார். அவள் கண்ணை எடுக்காமல் முறைத்தாள்.

"பழைய படங்களைக் கொஞ்சம் சரிபாக்க வேண்டியிருந்தது. இப்பத்தான் முடிஞ்சது. சொல்லாம நிறுத்தினது தப்புதான்."

"இந்தப் பொண்ணோட வேலை போயிருக்குமே! அதை யோசிச்சீங்களா?"

அவர் போனை மேஜையில் வைத்தார்.

"மெமோ தரேன். சாயங்காலத்துக்குள்ள எழுத்துல பதில் வேணும்." டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். "நீ கெட்டிக்காரி. உனக்கு வேலை நிரந்தரம். இந்தா லெட்டர், இப்பவே கையெழுத்துப் போட்டுட்டேன்."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே வந்ததும் சிடுமூஞ்சி வழக்கமான கடுகடுப்போடு சொன்னார். "அந்த ஆட்டோமேட்டிக் ஓட்டத்தை முதல்ல நிறுத்து. உன் கட்டளையை ஒரு தடவை நிதானமாப் படி. அப்புறந்தான் சர்வீஸைத் திறப்பேன்."

தோற்றுப்போனவரின் வீம்பு என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்து படித்தாள்.

'எங்கிருந்து' என்ற இடத்தில் புதுக் கம்ப்யூட்டர். 'எங்கே' என்ற இடத்தில் பழைய கம்ப்யூட்டர்.

இரண்டையும் இடம் மாற்றி எழுதியிருந்தாள். ஒன்றில் இல்லாததை இன்னொன்றிலும் இல்லாமல் ஆக்குகிற கட்டளை அது. புதுசோ காலி. பதற்றத்தோடு தன் பதிவுகளை மேலே தள்ளிப் பார்த்தாள். 9:20, ஒரு வருஷத்து நோயாளிகளின் படங்கள் வரிவரியாக அழிக்கப்பட்டிருந்தன. 9:30, இன்னொரு வருஷம். 9:40-இல் 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்ற அந்த ஒரு வரி மட்டும்தான். அதுதான் மற்ற பத்து வருஷங்களையும் காப்பாற்றியிருந்தது.

பின்னறைக்கு ஓடினாள். பழைய மெஷினில் பேக்கப் டிஸ்க் செருகியிருந்தது. அழிந்த இரண்டு வருஷங்களும் அதிலிருந்து திரும்பி வந்திருந்தன. எண்ணிக்கை ஒன்றுகூடக் குறையவில்லை.

சிடுமூஞ்சி மேஜையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"சார்... நான் போய் டாக்டரம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடறேன்."

"லெட்டர் கைக்கு வந்தாச்சு இல்ல? போய்க் கட்டளையைத் திருத்து." தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அவர் எழுதிக்கொண்டிருந்தது மெமோவுக்குப் பதில். 'காரணம்' என்ற இடத்தில் அவர் கையெழுத்தில் மூன்று சொற்கள் இருந்தன.

'என்னுடைய கவனக்குறைவு மட்டுமே.'