எந்த அங்கிள்?

மயிலம்மாள் டீச்சர் இப்படிச் செய்வார் என்று ராசப்பன் வாத்தியார் கனவிலும் நினைக்கவில்லை. அவருடைய வாக்கியத்தை அந்த அம்மா முந்திக்கொண்டு சொல்லிவிட்டார்.

"தி பாய் இஸ் வெரி ஸேட்."

ராசப்பனிடம் இருந்ததே அந்த ஒரு வாக்கியம்தான். காலையில் மயிலம்மாளிடமே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்திருந்தார்.

கொல்லிமலை வாத்தியார்களுக்கான ஆங்கிலப் பயிற்சியின் கடைசி நாள். வட்டமாக உட்கார்ந்து, ஒரு கதையைப் படித்து, அதைப் பற்றி ஆங்கிலத்திலேயே பேச வேண்டும். வாய் திறக்காதவருக்கு ஆங்கிலம் நடத்த அனுமதி கிடையாது. அப்புறம் மலைமேல் வளப்பூர் நாடு என்ற பகுதியில் ராசப்பனிடம் படிக்கும் பிள்ளைகள் ஏ, பி, சி படிக்க மலையிறங்கித்தான் போக வேண்டும்.

கதை என்னவோ சின்னதுதான். அப்பா அம்மா இல்லாத பையனை அங்கிள் வீட்டை விட்டுத் துரத்துகிறார்.

"மிஸ்டர் ராசப்பன்?" என்றார், சேந்தமங்கலத்திலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் சின்னுசாமி.

ராசப்பன் எழுந்து நின்றார். காலையிலிருந்து மண்டையைக் குடைந்த சந்தேகம்தான் வாயில் வந்தது.

"விச் அங்கிள், சார்? மதர் பிரதர்? ஃபாதர் பிரதர்?"

இரண்டொருவர் சிரித்தார்கள். சின்னுசாமி புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். அதில் வெறும் அங்கிள் என்றுதான் இருந்தது.

தாய்மாமன்தான் என்று காளியண்ணன் வாத்தியார் ஆங்கிலத்தில் அடித்துச் சொன்னார். ராசப்பனுக்குப் பொறுக்கவில்லை.

"நோ சார். மதர் பிரதர் கிவ் டாட்டர். வொய் துரத்திங்? ஃபாதர் பிரதர் வான்ட் லேண்ட்."

அவ்வளவுதான், அறையே இரண்டு கட்சியாகப் பிரிந்துகொண்டது. மாமன் துரத்தமாட்டான் என்ற கட்சிக்காக ராசப்பன் தெரிந்த ஆங்கிலம், தெரியாத ஆங்கிலம் எல்லாவற்றையும் எடுத்து வீசினார். மணியடித்தும் நிறுத்தவில்லை. சின்னுசாமி சிரித்துக்கொண்டே அனுமதி கொடுத்துவிட்டார்.

வெளியே வந்ததும் ராசப்பன் மயிலம்மாளிடம் நேராகப் போனார்.

"ஏனுங்க டீச்சர், உங்களுக்குத்தான் இங்கிலீசு சரளமா வருமே. என்கிட்ட இருந்த ஒண்ணையும் எதுக்குங்க புடுங்குனீங்க?"

மயிலம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்.

"மாமனா சித்தப்பனான்னு காலையில என்னையப் போட்டுத் தொளைச்சீங்களே, அதை அங்க கேக்க வைக்க எனக்கு வேற வழி தெரியலீங்க. அந்த ஒரு வாக்கியம் கையில இருந்திருந்தா, அதைச் சொல்லிப்போட்டுக் கம்முனு உக்காந்திருப்பீங்களே வாத்தியாரே."