மூன்றாவது சைரன்

மூன்றாவது தடவையும் வெள்ளம் வரவில்லை.

மதியம் அவர் சைரனை ஊதியதும் ஆற்றோரத் தெரு மொத்தமும் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடியது. ஆறு விறுவிறுவென்று ஏறியது. கரைக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது. சாயங்காலத்துக்குள் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வடிந்துவிட்டது.

ஆற்றின் நீர்மட்டத்தை அளந்து, ஆபத்தென்றால் சைரன் ஊதுவதுதான் அவருடைய உத்தியோகம்.

மறுநாள் காலை அவர் வேலைக்குப் போகும்போது ரொட்டிக்கடைக்காரம்மா வழிமறித்தார். அண்டாவைச் சாய்த்துக் காட்டினார்.

"பாருங்க, நாப்பது கிலோ மாவு. நீங்க ஊதினீங்க, நாங்க ஓடினோம். இது புளிச்சு நாறுது."

"மன்னிச்சுக்கங்கம்மா. மலையில பனி உருகற வேகம்..."

"பனி கிடக்கட்டும். எங்கப்பாவை நாற்காலியோட தூக்கிக்கிட்டு மேடேறினோம். என் தம்பிக்குக் கால் பிசகிடுச்சு. அவனுக்கு யார் பதில் சொல்றது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்.

"புலி வருது சார் போறாரு" என்று முதுகுக்குப் பின்னால் யாரோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள்.

இரண்டு நாள் கழித்து மனைவி சேதி கொண்டுவந்தாள்.

"ரொட்டிக்கடைக்காரம்மா வீடு வீடா ஏறிக் கையெழுத்து வாங்கறாங்களாம். உங்க ஆபீசுக்கு மனு."

"என்னைப் பத்தியா?"

"பின்னே, ஆத்தைப் பத்தியா?"

அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஊரோட எதுக்குங்க பொல்லாப்பு? இனிமே தண்ணி கரையைத் தொட்ட பிறகு ஊதுங்க."

"தொட்ட பிறகு ஓட நேரம் இருக்காதே."

அவருக்கு முன்னால் வேலை பார்த்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. எந்த மாதம் எவ்வளவு ஏறும் என்று பழைய பதிவேடே சொல்லிவிடும். இப்போது ஒரு மாத மழை ஒரு மணி நேரத்தில் கொட்டுகிறது. பேப்பரைப் பிரித்தால் எந்தெந்த நாட்டிலோ இதே கதை. இங்கே வெள்ளம், அங்கே வறட்சி, இன்னோரிடத்தில் காடே எரிகிறது. பதிவேட்டை நம்பிக் கண்ணை மூட முடியவில்லை.

ஆனாலும் மனசு விட்டுப்போயிற்று.

வாரக் கடைசியில் மேலதிகாரி கூப்பிட்டனுப்பினார். போனதும் உட்காரச் சொன்னார்.

"மூணு தடவை ஊதியிருக்கீங்க. மூணு தடவையும் ஒண்ணும் நடக்கலை. உங்களை வேற இடத்துக்கு மாத்தலாம்னு ஒரு பேச்சு இருக்கு."

"இனிமே பொறுத்து ஊதறேன் மேடம். கரையைத் தொட்ட பிறகு."

அதிகாரி ஒரு தாளை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அதை முடிவு பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க. உங்க தெருக்காரங்க மனு. நூத்திப் பன்னிரண்டு கையெழுத்து."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை எடுத்தார். எதிர்பார்த்தபடியேதான் ஆரம்பித்தது. புளித்துப்போன மாவு, பிசகிய கால், போன அரை நாள் கூலி, ஒன்று விடாமல் எழுதியிருந்தது. அவமானத்தில் காதெல்லாம் சுட்டது.

"முழுசாப் படிங்க" என்றார் அதிகாரி.

கடைசிப் பத்திக்கு வந்தார்.

"இவர் ஊதி வெள்ளம் வராவிட்டால், இவரைத் திட்டுவதற்கு நாங்கள் நூற்றுப் பன்னிரண்டு பேரும் இருப்போம். ஊதாமல் வந்துவிட்டால், திட்டுவதற்கு ஒருவரும் மிஞ்ச மாட்டோம். ஆகவே, தயவுசெய்து இவரை எங்கள் தெருவை விட்டு மாற்றாதீர்கள்."