தரையில் வைத்த கத்தி

எழுபத்தொன்றாம் ஆண்டு மார்கழி. திருவான்மியூர் மருந்தீசர் திருக்குளத்தின்மேல் வெண்பனி மெல்ல இறங்கி, விடியலைத் தவத்தில் அமர்த்தியிருந்தது.

படிக்கட்டில் நண்பர்கள் தத்தம் மடக்குக்கத்திகளைக் காட்டி வியந்தனர். தெற்கத்திக்காரரான ஜவுளிக்கடை வைரவன் தம் கொம்புப்பிடிக் கத்தியை எல்லார் கையிலும் கொடுத்தார். மீனவர் வடிவேலுவுக்கு மட்டும் தரையில் வைத்தார்.

வடிவேலு கொதித்தார். "அவங்களுக்குக் கையில குட்த்தே. எனக்கு மட்டும் இன்னா தரையில? குப்பத்து ஆளுன்னா ஒட்டிக்குமா?"

"எடுத்துப் பாரும்வே."

"நாய்க்கா போட்ற? போன வாரமும் இப்டித்தான் பண்ணே. இனிமே உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்!"

வைரவன் அவர் தோளைப் பற்றினார். "கத்தியக் கைக்குக் கை குடுத்தா சிநேகம் அத்துப்போவும்னு எங்க ஊர்ல சொல்லுவாவ. இவங்க போனா வேற ஆளு வருவாவ. நீரு போனா நான் எங்கவே போவேன்?"

வடிவேலு குனிந்து கத்தியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கோபுரம் நோக்கிக் கைகூப்பினார்.

"நீ நல்லா இருக்கணும் நைனா."