நாக்குக்கு அடியில்

"நாக்கைத் தூக்குடா. இன்னும் மேலே."

நர்ஸ் மாத்திரை கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போன பிறகும் மேஸ்திரி விடவில்லை. தம்பியின் தாடையைப் பிடித்துத் திருப்பி, நாக்குக்கு அடியிலும் இரண்டு கன்னத்துக்குள்ளும் எட்டிப் பார்த்தார்.

"மாட்டுச் சந்தையில பல்லு பார்க்கிற மாதிரி பார்க்கிறீங்களே!" பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார்.

"இனிமே பார்த்துத்தான்யா ஆகணும்" என்றார் மேஸ்திரி. சிரிக்கவில்லை.

முப்பத்தெட்டு வயது ஆம்பளை, டைல்ஸ் ஒட்டுவதில் கைதேர்ந்தவன், வாயைப் பிளந்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டில் ஓரத்தில் நின்ற அவன் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எட்டு நாளைக்கு முன்னால் அவன் அடித்த கூத்து ஊர் முழுக்கச் செல்போனில் ஓடியது. மூன்று நாள் பொட்டுத் தூக்கம் இல்லாமல், அண்ணன் மேஸ்திரியாக வேலை எடுத்திருந்த கட்டடத்திலிருந்து அறுபது பெட்டி டைல்ஸைத் தள்ளுவண்டியில் இழுத்து வந்து, வீட்டுச் சந்தில் சேற்றின் மேலேயே பதித்துவிட்டான். சட்டையில்லாமல் நடுவில் நின்று, "என் மக கால்ல இனி சேறு படாது! இந்தத் தெருவுக்கே நான்தான்டா ராஜா!" என்று கத்தினான். ஒன்பதாவது படிக்கும் மகள் அன்றோடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினாள்.

டாக்டரம்மா காகிதத்தோடு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது இருமுனை நோய்னு போன வருஷமே சொன்னேன். மனசு ஏறும்போது தூக்கம் வேணாம், பயம் இருக்காது, பத்து ஆள் பலம் வந்த மாதிரி இருக்கும். இறங்கும்போது எழுந்து பல் விளக்கக்கூட முடியாது. ரெண்டுக்கும் நடுவுல நிறுத்தி வைக்கிறது மாத்திரைதான்." காகிதத்தைப் புரட்டினார். "சேர்த்த அன்னிக்கு எடுத்த ரத்தத்துல மருந்தே இல்ல. எப்போ நிறுத்தினீங்க?"

"நிறுத்தலையே. தினமும் போட்டேனே" என்றான் அவன்.

மனைவி சட்டென்று திரும்பினாள். "நான் விடியறதுக்கு முன்னால மில்லுக்கு ஓடறவ டாக்டர். அதனாலதான் மாத்திரையை மாமாகிட்ட குடுத்து வச்சேன். அவர்தான் தினமும் குடுப்பாரு."

"ஆமாம்மா. வேலைக்கு வந்ததும் முதல் காரியம் அதுதான். என் கையாலதான் குடுப்பேன்" என்றார் மேஸ்திரி.

"வேலையில ஏதாவது மாற்றம் தெரிஞ்சுதா?"

"நல்லாத்தான் செஞ்சான்." மேஸ்திரி துண்டால் கழுத்தைத் துடைத்தார். "மாத்திரை ஆரம்பிச்சதுலேர்ந்து இவனுக்குக் கை நடுக்கம். வரிசை கோணிக்கிட்டுப் போகும். 'குடிகாரனை வச்சா என் கட்டடத்தை முடிக்கப் போறே?'ன்னு கட்டட முதலாளி என் மூஞ்சிக்கு நேரே கேட்டான். திறக்கிறதுக்குத் தேதி வேற குறிச்சுட்டான். ஆனா கடைசி ஒரு மாசம் கை நடுங்கவே இல்ல. மயிரிழை பிசகல. மூணு ஆள் வேலையை ஒத்தை ஆளாப் பார்த்தான்."

டாக்டர் பேனாவை மூடினார். "அந்த நடுக்கம் மாத்திரையால வர்றது. அது நின்னுச்சுன்னா மாத்திரையும் நின்னுருக்கு. என்கிட்ட சொல்லியிருந்தா அளவைக் குறைச்சிருப்பேனே."

வேறு விளக்கம் மனைவிக்குத் தேவைப்படவில்லை. நடுக்கத்துக்கு வெட்கப்பட்டுக்கொண்டு வாயில் ஒதுக்கித் துப்பியிருக்கிறான்.

"மாத்திரையை நிறுத்தினா அன்னிக்கே பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போயிடுவேன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே."

"நோவுன்னா எத்தனை வருஷமானாலும் தாங்குவேன்யா. ஏழு மாசம் நீ சுவத்தைப் பார்த்துப் படுத்திருந்தப்ப ஊட்டி விடலையா? ஆனா ஏமாத்தறதை என்னால தாங்க முடியாது."

"முழுங்கினேன்டி... நிஜமா முழுங்கினேன்."

"பிள்ளை மேல சத்தியம் பண்ணு."

கையைத் தூக்கினான். பாதியில் கை நின்றுவிட்டது. சந்தில் கத்தியதே அவனுக்குப் பாதிதான் நினைவிருந்தது. மீதியை வார்டு பையன்கள் செல்போனில் காட்டித்தான் தெரிந்துகொண்டான். அதைச் செய்தவன் இதையும் செய்திருக்க மாட்டான் என்று எந்த முகத்தோடு சொல்வது?

"துப்பியிருப்பேன்" என்றான். "எனக்கு ஞாபகம் இல்ல. நான்தான் துப்பியிருப்பேன். நீ போ. புள்ளையைப் பார்த்துக்க." போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டான். போர்வை குலுங்கியது.

அவள் அழவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்த தன் பையை எடுத்தாள். "மாமா, எங்களை பஸ் ஏத்தி விடுங்க. இனிமே இவரை நீங்களே பார்த்துக்குங்க. நீங்களாவது ஒழுங்காப் பார்த்தீங்க."

மேஸ்திரி பையை வாங்கிக்கொண்டு கதவு வரை நடந்தார். முப்பது ஆளைக் காலை முதல் மாலை வரை அதட்டி வேலை வாங்கும் மனிதர், கதவைத் திறக்காமல் அப்படியே நின்றார்.

"என்ன மாமா?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. போர்வையைப் பார்த்தார்.

"அவன் துப்பலைம்மா. ஒரு மாசமா நான் குடுத்ததே வெறும் சத்து மாத்திரை."