கடைசிப் பக்க வேண்டுகோள்

மாடிவீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் ஒரே இணைய இணைப்பு, ஒரே ஐபி முகவரி. மாடியில் தணிகாசலம் நடத்திய போலி மருந்துத் தளங்களால், அந்த முகவரியிலிருந்து எது போனாலும் தேடலில் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளப்பட்டது. பிரசவத்தில் சுகன்யாவுக்கு அரிய வகை ரத்தம் கேட்டு, அவள் கணவன் சசிதரன் கீழ்வீட்டிலிருந்து போட்ட வேண்டுகோளும் அங்கேதான் கிடந்தது. அவள் இறந்துபோனாள்.

பதினாறாம் நாள் தணிகாசலம் இறங்கி வந்தார்.

"எனக்கும் அதே குரூப்புதான் தம்பி. யாராச்சும் கேக்குறாங்களான்னு தெனம் தேடிப் பாக்குறவன், கண்ணுல படவே இல்ல. மேல வந்து ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

சசிதரன் சுகன்யாவின் படத்துக்கு முன்னால் இருந்த விளக்கின் திரியைத் தூண்டினான்.

"சரி, அந்த வேண்டுகோள எடுத்துரு. நெறவேறாம கெடந்தா நம்ம ஐபி தேடல்ல இன்னும் கீழ எறங்குதாம்."

சசிதரன் கைபேசியை எடுத்து, வேண்டுகோளை நீக்கச் சொன்னான். அது காரணம் கேட்டது. திரையில் இருந்த ஒரே விடையைத் தொட்டான்: "தேவை தீர்ந்தது."