ரேடியோ சத்தத்தைக் குறைக்காதவர்

தொண்டை அறுவையில் குரல் போன ஹெலனுக்கு, கருவியில் பேசும் ஆஸ்பத்திரியின் பொதுக் குரலைப் பொருத்தினார்கள். அதே வார்டில் இன்னும் ஆறு பெண்களுக்கும் அதே குரல்தான். பக்கத்துக் கட்டிலில் யாராவது தண்ணீர் கேட்டால், தானே கேட்டதுபோல் ஹெலன் திடுக்கிடுவாள்.

கருவியில் சொந்தக் குரல் வேண்டுமென்றால் அவள் பேசிய பழைய ஒலிப்பதிவு இருபது மணி நேரமாவது வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் உள்ளூர் எஃப்.எம்மில் தினமும் நேயர்களோடு பேசியவள் அவள். ஆனால் நிலையம் ஒன்றையும் பத்திரப்படுத்தவில்லை.

செய்தி எப்படியோ பரவி, கோவில்பட்டியிலிருந்து டைலர் பிச்சையா ஒரு பை நிறையக் கேசட்டுகளோடு வந்தார்.

அந்தப் பெயரை ஹெலன் மறக்கவில்லை. நிகழ்ச்சிக்குப் போன் செய்யும்போதெல்லாம் வீட்டு ரேடியோவை அலறவிட்டபடியே பேசுவார். லைனில் கீச்சென்று இரைச்சல் கிளம்பும். "அண்ணாச்சி, மொதல்ல ரேடியோ சத்தத்தக் கொறைங்க!" என்று ஊரே கேட்க எத்தனை முறை கடிந்திருப்பாள்!

"கொறச்சா ஒங்க பேச்சு டேப்புல ஏறாதும்மா," என்றார் பிச்சையா, பையைக் கட்டிலில் வைத்தபடி. "ரேடியோ பக்கத்துல வச்சுப் பதியுற டேப்புதான் அப்ப எங்கிட்ட இருந்துச்சு."

இரண்டு வாரம் கழித்து ஹெலன் வாய் திறந்தபோது, வந்தது அவளுடைய குரல். முதல் போனைக் கோவில்பட்டிக்குப் போட்டாள்.

"வணக்கம் அண்ணாச்சி, ஹெலன் பேசுறேன்."

மறுமுனையில் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது.

"அய்யய்யோ, இருங்கம்மா, இந்தா கொறச்சிருதேன்."

"வேண்டாம் அண்ணாச்சி," என்றாள் ஹெலன். "அது பாட்டுக்குப் பாடட்டும்."