டங்காவின் கல்லறை

மாலோ வந்து சேர்ந்தபோது குழி இடுப்பளவு ஆழம் போயிருந்தது.

ஏழெட்டு மோட்டார் சைக்கிள்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு பேர். எல்லார் இடுப்பிலும் மர உறையில் செருகிய அரிவாள். அந்தப் பக்கத்தில் ஆண்கள் அரிவாள் இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை. ஆனால் அன்று வந்தவர்கள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டேதான் வண்டியிலிருந்து இறங்கினார்கள்.

"அண்ணி, இங்க வேணாம். ஊருக்குள்ள நம்ம குடும்பத்துக் கல்லறை இருக்கு. அண்ணனை அங்க வெப்போம்," என்றான் மாலோ.

செத்துப்போன டங்காவின் மனைவி வின்யோ குழியோரம் பொதியை அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். முழங்காலை மடக்கி உட்காரவைத்து, நெய்த போர்வைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக் கட்டிய பொதி. சும்பாத் தீவில் செத்தவர்கள் அப்படித்தான் மண்ணுக்குள் போவார்கள். சில நாள் வீட்டில் வைத்திருந்ததில் வாடை வந்துவிட்டது. ஈக்கள் அவள் தோளிலும் மொய்த்தன.

குன்றுக்குக் கீழே வெள்ளை மணல், கடல். பாலியில் இடம் தீர்ந்துவிட்டதாம். அங்கே ஹோட்டல் கட்டினவர்கள் இப்போது இந்தக் கரைக்கு விலை பேசுகிறார்கள். போன மழைக்குப் பிறகு தார்ச்சாலையும் வந்துவிட்டது. ஆடுகூட மேயாத இந்தக் குன்றை வாங்க மாலோ பாலியிலிருந்து ஆள் பிடித்துவிட்டான்.

அண்ணன் டங்கா மட்டும் சம்மதிக்கவில்லை.

மீன் பிடிக்கப் போன டங்கா ஒரு நாள் திரும்பி வரவில்லை. பாறைச் சந்தில் ஒதுங்கிக் கிடந்த பிணத்தை விடியற்காலையில் சுமந்து வந்ததாக வின்யோவும் அவள் தம்பி மெதேயும் சொன்னார்கள். முகம் பாறையில் மோதிச் சிதைந்திருந்தது என்றார்கள். ஊர் கூடுவதற்குள் வின்யோ கழுவி, சுற்றிக் கட்டியும் விட்டிருந்தாள்.

கல்லறை இருக்கிற மண்ணை விற்க முடியாது. வாங்குகிறவனும் தொடமாட்டான். குழிக்கு இந்தப் பக்கம் நின்றவர்களுக்கும் அது தெரியும், அந்தப் பக்கம் நின்றவர்களுக்கும் தெரியும்.

மாலோவோடு வந்த ஒருவன் காலால் மண்ணைக் குழிக்குள் தள்ளினான்.

உள்ளே நின்று தோண்டிக்கொண்டிருந்த மெதே கடப்பாரையை அவன் கணுக்காலில் வீசினான். எலும்பு உடைந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

அதன்பிறகு யார் முதலில் உருவினார்கள் என்று சொல்ல முடியாது. ஒருவனுக்குக் கன்னம் பிளந்து பல் வெளியே தெரிந்தது. பெண்கள் கல்லை எடுத்து எறிந்தார்கள். சாய்ந்து விழுந்த வண்டி ஒன்றின் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது, அதன் அடியில் ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

மாலோ யாரோடும் மோதவில்லை. நேராகப் பொதியிடம் வந்தான். அரிவாள் நுனியை முடிச்சில் விட்டான்.

"அவுத்துக் காட்டுடி. உள்ள இருக்கறது அண்ணன்தானான்னு ஊரு பாக்கட்டும்."

வின்யோ எழுந்தாள்.

"காட்டறேன். அதுக்கு முன்னாடி நீ ஒண்ணு சொல்லு. இத்தனை பேரு வந்து அழுதாங்க, ஒருத்தருக்கும் அந்தச் சந்தேகம் வரல. உனக்கு மட்டும் எப்படி வந்துச்சு?"

பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். பிறகு தள்ளி நின்றவர்களும்.

மாலோ அரிவாள் நுனியை முடிச்சிலிருந்து பின்னுக்கு இழுத்தான். 

"சொல்லேன்டா," என்றான் அவனோடு வந்தவர்களில் ஒருவன், மெல்ல. "இதுல இல்லேன்னா வேற எங்க இருக்காரு?"

மாலோ அரிவாளை ஓங்கினான். வின்யோ முழங்கையைக் குறுக்கே நீட்டினாள். வெட்டு எலும்பில் நின்றது. அவன் அதைப் பிடுங்கி மறுபடி ஓங்குவதற்குள் மெதே இடுப்பு அரிவாளை உருவிக்கொண்டு குழியிலிருந்து ஏறிவிட்டான்.

ஒரே வீச்சு. மாலோவின் வலது கை அரிவாளோடு சேர்ந்து குழிக்குள் விழுந்தது.

அதை எடுக்க யாரும் இறங்கவில்லை.

மாலோவின் மனைவி காஹி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தோள்துண்டைக் கிழித்து அவன் மணிக்கட்டை இறுக்கிக் கட்டினாள். அழவில்லை, யாரையும் திட்டவுமில்லை. கட்டி முடிக்கும்வரை வின்யோவின் பக்கம் திரும்பவேயில்லை.

பொதியை இறக்கினார்கள். மூடுகல்லை இழுக்கக் கயிறு போட்டபோது இரண்டு பக்கத்து ஆண்களும் வந்து பிடித்தார்கள். கயிறு முழுக்க ரத்தம். கை வழுக்கியது. வின்யோவும் நல்ல கையால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள்.

பாலி ஆள் பிறகு ஒருமுறை வந்தான். காருக்குள் இருந்தபடியே கல்லைப் பார்த்தான். இறங்காமல் திரும்பிப் போனான்.

அந்தக் கல்லுக்கு அடியில் மாலோவின் கை இருக்கிறது. டங்கா இல்லை. டங்காவின் உடம்பில் பாறாங்கல்லைக் கட்டி ஆழ்கடலில் இறக்கியது மாலோதான். அதைத் தூக்கத்தில் உளறினான். கேட்டது காஹி.

போர்வைகளுக்குள் கால் மடங்கி உட்கார்ந்திருப்பது மாலோவின் கொட்டிலில் பிறந்த எருமைக்கன்று. பிணம் கிடைத்ததாகச் சொன்ன அன்று விடிவதற்கு முன்னால் காஹியே அதைக் கயிற்றில் பிடித்து நடத்திக்கொண்டு வந்து வின்யோவின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"துணிய நெறைய சுத்துங்கக்கா. காது தூக்கிக்கிட்டு தெரியும்."

கன்று எங்கே என்று மாலோ கேட்டபோது, சாவு வீட்டுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள்.